காசியெம் ஏற்கனவே சம்மதித்துவிட்டாள்

ஈரமான ஜீன்ஸ் ஒன்றை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான், தன் வீட்டை இடிக்கத் தானே சம்மதித்துவிட்ட செய்தி காசியெமுக்குத் தெரிந்தது.

செய்தி கொண்டுவந்தவன் பெயிண்ட் அடிக்கிற ஆள். வாசல் சுவரில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டான். போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான்.

“உங்க சம்மதத்துக்கு ரொம்ப நன்றி, இபு. கம்பத்துலயே நீங்கதான் மொதல்ல ஒத்துக்கிட்டீங்களாம். ஆபீஸ்ல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பெருமையாப் பேசுறாங்க.”

“இங்கி,” என்றாள் காசியெம். அவன் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போன பிறகுதான் கையிலிருந்த ஜீன்ஸ் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகரில் ஆற்றோரமாக ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் எங்கள் ஜாம்பியான் கம்பத்து வீடுகளில் (கம்பம் என்றால் எங்கள் பக்கத்தில் குடியிருப்பு) அவளுடையதும் ஒன்று. கல்லூரிப் பிள்ளைகளின் துணியைக் கிலோக் கணக்கில் வாங்கித் துவைத்துக் கொடுப்பாள். மொட்டைமாடியில் காற்றும் வெயிலும் தாராளமாக வரும். அந்த மாடி இல்லையென்றால் தொழில் இல்லை. இடிக்கிற வீட்டுக்குப் பதிலாகக் கழகம் என்ற அரசு அலுவலகம் தருவதாகச் சொல்லும் அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடத் தடை, கட்டடத்தின் அழகு கெட்டுவிடுமாம்.

இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா, மாஸ் அண்ணன், ம்பா அக்கா; அதில் சிக்கலில்லை. ‘இங்கி’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் தடுமாறுவீர்கள். அகராதியில் அதற்கு ‘ஆம்’ என்று போட்டிருக்கும். அகராதி எழுதியவர் ஜாவாக்காரர்களோடு குடியிருந்ததில்லை போலிருக்கிறது. பெரியவர் பேசினால் இங்கி. அவர் சொன்னது காதில் விழுந்தது, இங்கி. விழவில்லை, ஆனாலும் இங்கி. வேண்டவே வேண்டாம், ஆனால் உங்கள் முகம் வாடக்கூடாது, ஆகவே இங்கி. உங்கள் பக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதற்கு இது கூடப்பிறந்த அக்காள்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் ஜுமிரான் வெளியே வந்து குறியைப் பார்த்தார்.

“யெம், நீ எதுக்குத்தான் சம்மதிக்கல? தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்க வந்தவனுக்கு இங்கின்ன. அந்தச் சனியன் மூலையில நிக்குது. எங்கப்பா பொண்ணு கேட்டு வந்தப்பவும் இங்கின்னுதான சொன்ன?”

“அன்னிக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன். உங்க வீட்டுக்காரங்களுக்குத்தான் புரியல.”

இதை ஜுமிரான் கல்யாணமான நாளிலிருந்து வேடிக்கைப் பேச்சு என்றே நம்பிவருகிறார்.

“ஆனா சத்தியமா இதுக்கு நான் எதுவும் சொல்லல பாக்னே. யாரும் என்னைக் கேக்கவே இல்ல.”

அது உண்மை. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் செய்வதற்காகத்தான் மெய்நிகர் குடிமக்கள் கழகம் என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது.

முன்பெல்லாம் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் பந்தல் போடுவார்கள். ஜனங்கள் வருவார்கள், பலகாரம் தின்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். பலகாரம் வரையில் அதிகாரிகள் பொறுத்துக்கொண்டார்கள். அதன்பின் கழகம் வந்தது. கழகம் கம்பத்தை அப்படியே கணினிக்குள் கட்டியது. ஆறு, பாலம், தெருநாய் உட்பட. ஒவ்வொரு மனிதருக்கும் அவரைப் போலவே ஒரு திரைமனிதரைச் செய்து உள்ளே குடிவைத்தது. அவர்கள் தாமாகவே எழுந்து, தாமாகவே சமைத்து, தாமாகவே வம்பு பேசி, தாமாகவே முடிவெடுப்பார்கள். போன மழைக்காலம் முழுக்கக் கழகத்து ஆட்கள் காசியெமின் முகத்தில் பொட்டுப் பொட்டாக எதையோ ஒட்டிப் பின்னாலேயே அலைந்தது இதற்காகத்தான். குடை ஒன்று இனாமாகக் கொடுத்தார்கள். கேட்டதற்கெல்லாம் அவள் இங்கி என்றாள்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் நல்ல பத்திக் துணி உடுத்திக்கொண்டு கழகத்துக்குப் போனார்கள்.

வாசல் மேசையில் பெரிய திரை. அதற்குள் ஒரு பெண் தலைவணங்கிச் சிரித்தாள். திரைக்குப் பக்கத்தில் அதே முகம், அதே கொண்டை, அதே சட்டையோடு உயிருள்ள பெண் ஒருத்தி வாய்மூடி உட்கார்ந்திருந்தாள். சட்டையில் விந்தார்த்தி என்று பெயர் குத்தியிருந்தது.

“வணக்கம். நீங்க குடியிருப்பாளரா, மூலப்பொருளா?” என்றது திரை.

“நான் காசியெம்ங்க.”

“குடியிருப்பாளர் காசியெம் இப்ப அவங்க வீட்டுல துணி மடிச்சிட்டு இருக்காங்க. அப்படின்னா நீங்க மூலப்பொருள். மூலப்பொருளுக்குப் பார்வை நேரம் முடிஞ்சிடுச்சு.”

“ஆபீஸ் இப்பத்தான தொறந்துச்சு?” என்றார் ஜுமிரான்.

“ஆமாங்க. அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு.”

காசியெம் உயிருள்ள விந்தார்த்தியைப் பார்த்து, “ம்பா, நீயாச்சும் சொல்லேம்மா,” என்றாள். விந்தார்த்தி கண்ணால் மன்னிப்புக் கேட்டாள். அந்த நேரம் மின்சாரம் போயிற்று. திரை இருண்டது. விந்தார்த்தி துள்ளி எழுந்தாள்.

“கரண்ட் போனா மட்டுந்தான் நான் பேசலாம் இபு, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். ரெண்டாவது மாடி, கடைசி ரூம், மாஸ் யூதாந்தோன்னு கேளுங்க, அவர்தான் உங்களச் செஞ்சாரு, நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்த சுபா—”

மின்சாரம் வந்தது. விந்தார்த்தி சொல்லின் நடுவிலேயே உட்கார்ந்தாள்.

யூதாந்தோ சோர்ந்த முகமுள்ள ஆள். காசியெமைக் கண்டதும் சொந்தக்காரியைக் கண்டதுபோல எழுந்தான். அவள் கழுத்து மச்சத்தைச் செய்ய அவன் பட்ட பாடு அப்படி.

“உங்க கண்ணிமை முடிக்கு மட்டும் தனி ஆள் போட்டோம் இபு. பாருங்களேன்.”

சுவர் முழுக்கத் திரை. அதற்குள் காசியெமின் வீடு. மாடியில் காசியெம். அவளைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு போர்வையை உதறினாள். அசல் காசியெம் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அவகிட்ட நான் பேசலாமா?”

“தாராளமா.”

“ஏ, இங்க பாரு. நீ யாரு?”

“நான் காசியெம்,” என்றாள் திரையிலிருந்தவள், மரியாதையாக. “நீங்க?”

“நானும்தான். அந்த வீட்டைக் குடுக்க எதுக்குடி சம்மதிச்ச?”

“பெரியவங்க வந்து கேட்டாங்க. இங்கின்னேன்.”

“வாய் சொல்லும். மனசுல வேண்டாம்னு இருந்துச்சுல்ல?”

திரைக் காசியெம் போர்வையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “மனசு எனக்குப் போடலைங்க. அடுத்த வருஷ நிதியில வருமாம்.”

யூதாந்தோ தொண்டையைச் செருமினான். “முழுச் சுதந்திரம் குடுத்திருக்கோம் இபு. எந்த முடிவ வேணும்னாலும் அவங்களே எடுக்கலாம். கழகம் எடுத்த முடிவா மட்டும் இருக்கணும்.”

“கூட்டத்துல பலகாரமாச்சும் குடுத்தீங்களா?” என்றார் ஜுமிரான்.

“குடுத்தோம் பாக். ஆரெம்-ஆரெம். நீங்க ரெண்டு எடுத்தீங்க, ஒண்ணு பைக்குள்ள போட்டுக்கிட்டீங்க.”

ஜுமிரான் தலைகுனிந்தார். போட்டுக்கொள்ளக்கூடிய ஆள்தான்.

ஆட்சேபம் தெரிவிக்க வழி உண்டா என்று காசியெம் கேட்டாள். உண்டு. ஆனால் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை காசியெமுக்கு மட்டுமே. ஆகவே, முதலில் இவள்தான் காசியெம் என்று இவள் நிரூபிக்க வேண்டும். அதற்கென்று ஒப்புமை விசாரணை என்று ஒரு சபை கூடும்.

சபை கூடியது. கழகத் தலைவர் ப்ரபாஸ்வோரோ நடுவில் அமர்ந்தார். பட்டுப்போன்ற குரல், இனிப்பான சிரிப்பு. கோபப்பட்டு யாரும் அவரைப் பார்த்ததில்லை. கோபப்படுமளவுக்கு அவரை யாரும் மறுத்ததில்லை. இருபக்கமும் அவருடைய இரண்டு உறுப்பினர்கள், இருவரும் திரைக்குள் இருந்தார்கள். ஒரு பக்கம் திரைக் காசியெம். மறுபக்கம், முக்காலியில், இவள்.

“நீங்க எந்தச் சோப்புத்தூள் போடுறீங்க?”

திரைக் காசியெம் சட்டென்று சொன்னாள். இவள் திணறினாள். “அது… எது மலிவோ அது. போன வாரம் வேற, இந்த வாரம் வேற.”

“பதிலில் உறுதி இல்லை,” என்றார் இடப்பக்கத் திரை.

“புருஷனைப் பத்தி ஒரு வார்த்தை.”

“பொறுமையானவர்,” என்றாள் திரைக் காசியெம்.

“சோம்பேறி,” என்றாள் இவள். பிறகு ஜுமிரானைப் பார்த்துவிட்டு, “ஆனா ராத்திரி மழை வந்தா எனக்கு முன்னாடி மாடிக்கு ஓடிப்போய்த் துணிய எடுத்துருவார்,” என்றாள்.

“ஒரு வார்த்தை கேட்டோம். தகவல் அதிகம்,” என்றார் வலப்பக்கத் திரை.

ஜுமிரானைச் சாட்சிக்கு எழுப்பினார்கள். இருவரில் உம் மனைவி யார்?

“இதுல என்னங்க சந்தேகம்? அந்தம்மா நான் உள்ள வந்து இவ்வளவு நேரமாச்சு, இன்னும் ஒரு தடவகூட என்னைத் திட்டல. அது எப்படி என் பெண்டாட்டியா இருக்கும்?”

தலைவர் பரிவோடு தலையசைத்தார். “நல்ல சாட்சி, பாக். ஆனா குடியிருப்பாளர் ஜுமிரான் நேத்தே வாக்குமூலம் குடுத்துட்டார். அவர் மனைவி திரைக்குள்ளதான் இருக்காங்களாம். ரொம்ப சந்தோஷமா இருக்காராம்.”

“இருப்பான், இருப்பான்,” என்றார் ஜுமிரான் பொறாமையோடு.

காசியெம் எழுந்து நின்றாள். “ஐயா, அது என் வீடு. நான்தான் காசியெம். நான் இங்க உசுரோட நிக்கிறேன்!” குரல் உடைந்து சத்தமாக வந்துவிட்டது.

சபை அதைக் குறித்துக்கொண்டது. கோப்பிலுள்ள காசியெம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. தீர்ப்பு வந்தது: இந்த மூலப்பொருள் காசியெமிலிருந்து பெரிதும் விலகியிருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு தலைவர் சிற்றுரை ஆற்றினார். வழக்கமாக ஆற்றுவார்.

“இபு, வருத்தப்படாதீங்க. இந்தக் கழகம் உங்களுக்காகத்தான். மக்கள் குரலைக் கேக்கணுங்கிறதுல எங்களுக்கு அப்படி ஒரு வெறி. ஆனா மக்கள் பேச ஆரம்பிச்சா அந்தக் குரல் சரியாக் கேக்கமாட்டேங்குது. ஒருத்தர் இன்னிக்கு ஒண்ணு சொல்றார், நாளைக்கு வேற சொல்றார். கோபப்படுறார், அழறார். எதைன்னு பதிவு பண்றது? அதனால உங்ககிட்ட இருக்கிற நல்லதை மட்டும் எடுத்துப் பத்திரமா உள்ள வச்சிருக்கோம். மிச்சம்தான் இப்ப இங்க உக்காந்திருக்கு. அந்த மிச்சத்துக்கும் நாங்க நாற்காலி போட்டிருக்கோம் பாருங்க.”

முக்காலிதான். ஆனால் காசியெம் திருத்தவில்லை. “இங்கி,” என்றாள். வாய் பழகிவிட்டது.

படியில் இறங்கும்போது மறுபடி மின்சாரம் போயிற்று. விந்தார்த்தி இருட்டில் கைப்பிடியைத் தடவியபடி ஓடிவந்தாள்.

“ம்பா, எனக்கு ஒண்ணுதான் புரியல,” என்றாள் காசியெம். “இவங்களும் ஜாவாக்காரங்கதான? இங்கின்னா என்னன்னு இவங்களுக்குத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும் இபு. தெரிஞ்சதாலதான் கேள்விய அவ்வளவு மரியாதையாக் கேட்டாங்க.”

விளக்கு எரிந்தது. அவள் வாய் மூடிக்கொண்டது.

கழகத்துக்கு ஒரு விதி உண்டு. நிஜக் கம்பத்தில் ஒரு செங்கல்லைத் தொடும்முன், திரைக் கம்பத்தில் அதே காரியம் ஒழுங்காக நடந்து முடிந்திருக்க வேண்டும். தலைவர் திரைக்கு முன் நின்று, கைகூப்பி, குடியிருப்பாளர்களை அடுக்குமாடிக்கு எழுந்தருளும்படி கேட்டுக்கொண்டார். எல்லோரும் ஒரே குரலில் இங்கி என்று வணங்கினார்கள். வணங்கிவிட்டுச் சமைக்கப் போனார்கள்.

அடுத்த நாள் கேட்டார். இங்கி. திரைக் காசியெம் துவைக்கப் போனாள். அடுத்த வாரம் கேட்டார். இங்கி, இங்கி. திரை ஜுமிரான் மட்டும் அடுக்குமாடி வாசல்வரை போய், அங்கே பலகாரம் இல்லை என்று கண்டு திரும்பிவந்தார். சம்மதம் முழுமை, நகர்வு ஏதுமில்லை என்று கழகம் தனக்குத்தானே அறிக்கை கொடுத்துக்கொண்டது.

தலைவர் யூதாந்தோவை அழைத்தார்.

“இந்தக் கோளாற எப்படிச் சரி பண்றது?”

“பணிவுதான் பாக் காரணம். பணிவு இருக்கிறவரைக்கும் இங்கிம்பாங்க, நகரமாட்டாங்க.”

“அப்ப பணிவ எடுத்துடு. திறப்பு விழாவுக்கு ஜகார்த்தாவுலேர்ந்து ஆள் வராங்க.”

“எடுத்துட்டு ஒருதடவ சோதிச்சுப் பாத்துட்டு…”

“சோதிக்கிறதா? மக்கள் மேல நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்காதா?”

“இங்கி, பாக்,” என்றான் யூதாந்தோ. தலைவர் இதுவரை கேட்ட எதற்கும் அவன் வேறு சொல் சொன்னதில்லை. சொன்னதில் பாதியைச் செய்ததுமில்லை. இதை மட்டும் செய்தான்.

விழா நாள். கழகத்து முற்றத்தில் மேடை, பூ, காமெலான் வாத்தியம். கம்பத்து ஜனங்களை வண்டிவைத்து அழைத்துவந்திருந்தார்கள். கைதட்டுவதற்கு. அதற்கும் திரைமனிதர்களைப் போட்டுப் பார்த்தார்களாம், சத்தத்தில் சூடு இல்லையாம். ஜகார்த்தாவிலிருந்து வந்தவர் இபு ரூமொண்டாங். பாதாக் இனத்து அம்மாள். அவர்கள் பக்கத்தில் ஆம் என்றால் ஆம்தான், இல்லை என்றால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். மேடையோரம் பதிவு இயந்திரம் ஒன்று பட்டுத்துணி போர்த்தி நின்றது. அதில் ஏறிய பதிலை யாராலும், எக்காலத்திலும் திரும்பப் பெற முடியாது. தலைவராலும் அது முடியாது என்று தலைவரே பெருமையோடு சட்டமாக்கியிருந்தார்.

வானளவு திரையில் கம்பம் விரிந்தது. தலைவர் கைகூப்பினார்.

“பெருமதிப்புக்குரிய குடியிருப்பாளர்களே, புதிய இல்லங்களுக்கு எழுந்தருள வேண்டுகிறோம்.”

திரைக் காசியெம் மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாள். வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள்.

“போய்யா.”

காமெலான் நின்றது.

“என்ன முழிக்கிற? மனசு இல்லாதவகிட்ட வீட்டையும் புடுங்க வந்துட்டான், பட்டுச்சட்டை போட்டுக்கிட்டு. இந்தா, இந்தப் போர்வைய ஒருநாள் நீ பிழிஞ்சு காட்டு, அப்புறம் பேசு.”

அடுத்த வீட்டுத் திரைமனிதர்களும் வெளியே வந்தார்கள். அவர்கள் சொன்னதை எழுதினால் நீங்கள் காதைப் பொத்திக்கொள்வீர்கள், விட்டுவிடுகிறேன். திரை ஜுமிரான், கூட்டத்தில் வைத்த ஆரெம்-ஆரெமுக்கு ருசியே இல்லை என்று புகார் சொன்னார். தலைவர் சைகை காட்ட, யாரோ திரையை அணைத்தார்கள்.

“குடியிருப்பாளர்களிடம் சிறு கோளாறு,” என்றார் தலைவர் சிரித்தபடி.

“அப்படின்னா எதுக்கு இந்தச் சுத்துவழி?” என்றார் இபு ரூமொண்டாங் மேடையிலிருந்தே. “நிஜ ஆளுங்க அங்கதான உக்காந்திருக்காங்க? அவங்களையே கேட்டுருங்க. நானும் கேட்டுட்டுப் போறேன், விமானம் புடிக்கணும்.”

தலைவரின் சிரிப்பு ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் முன்னைவிட அகலமாயிற்று. திரையில்தான் பணிவைக் குறைத்திருந்தார்கள். இவர்களிடம் அது பரம்பரையாக அப்படியே இருக்கிறது. அவர் மேடையைவிட்டு இறங்கினார். கூட்டத்தில் விசாரணைக்கு வந்துபோன அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தார். அவள் எதிரில் வந்து, சுல்தானுக்கு முன் நிற்பதுபோல முதுகு வளைத்து, மரியாதைக்குப் பெருவிரலை நீட்டி, அரண்மனை ஜாவா மொழியில் கேட்டார்.

“தாயே, தங்கள் இல்லத்தைத் தந்தருளச் சித்தம் உண்டா?”

பதிவு இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

இவ்வளவு அழகாக அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இதற்குப் பதிலாக ஒரே சொல்தான் உண்டு; அது ஏற்கனவே நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஜுமிரான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் வாய் திறந்தாள். “இ…” என்று வந்தது. தலைவர் பாதி நிமிர்ந்துவிட்டார்.

காசியெம் வாயை மூடினாள். கண்ணையும் மூடினாள். ஈரத்துணியை உதறுவதற்கு முன் இழுக்கும் மூச்சு ஒன்றை இழுத்தாள். பூனையிடமும், கோபம் வந்தால் ஜுமிரானிடமும் மட்டும் பேசுகிற வீட்டுமொழியில் சொன்னாள்:

“ஒரா. மாட்டேன். குடுக்கமாட்டேன்.”

“அப்பாடா, ஒரு ஜாவாக்காரர் பேசினது எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது!” என்றார் இபு ரூமொண்டாங்.

இயந்திரம் கணீரென்று வாசித்தது: “காசியெம். மறுப்பு. பதிவாயிற்று. திரும்பப் பெற இயலாது.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, நாணத்தோடு, “நானும் ஒரா,” என்றார். இயந்திரம் வாசித்தது. அவர் பெண்டாட்டி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மீன் விற்பவர். ஜுமிரான் இரண்டு தடவை சொன்னார், ஒருமுறை திரையிலிருப்பவனுக்காக. வாத்தியக்காரர்களில் ஒருவர் கம்பத்துக்காரர் போலிருக்கிறது, கோங் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரும் சொன்னார். பச்சை விளக்கு அணையவே இல்லை.

தலைவர் அங்கேயே நின்றார். முகத்தில் சிரிப்பு கலையவில்லை. எப்படிக் கலைப்பது என்று அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் யூதாந்தோவை விரலசைத்து அருகே அழைத்து, காதோடு, அதே பட்டுக்குரலில் கேட்டார்.

“இவங்களுக்குப் பணிவ யாருப்பா கொறச்சது?”

யூதாந்தோ காசியெமைப் பார்த்தான். அவள் கழுத்து மச்சத்தைப் பார்த்தான்.

“நீங்கதான், பாக்.”